பெங்களூரைக் காலி செய்த கொழகொழப்பு

மல்லேஸ்வரத்திலோ பசவனகுடியிலோ வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பழைய வீடுகளுக்கு முன்பக்கம் அகலமான தெரு, கொஞ்சம் தோட்டம். கொல்லைப்பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு குறுகலான சந்து நேர்கோடு போட்டதுபோல ஓடும். கக்கூஸ் அள்ள வருகிறவர்கள் வீட்டுக்குள் வராமல் அப்படியே வந்து அப்படியே போகட்டும் என்று போட்ட சந்து அது. (அதற்குள் இருக்கும் சாதிக் கணக்கைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.) வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி, காற்று, வெளிச்சம். அங்கிருந்து கொஞ்சதூரம் போய் சிக்பேட்டைக்குள் நுழைந்தால் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு, பகலிலேயே விளக்குப் போடவேண்டிய வீடுகள்.

ஊரை இப்படி வெளியே நீட்டும் யோசனை 1890களிலேயே இருந்தது. அதற்கு வேகம் கொடுத்தது 1898 ஆகஸ்டில் வந்து சேர்ந்த பிளேக். 1891ல் பேட்டை, கண்டோன்மென்ட் இரண்டும் சேர்ந்து பெங்களூரின் ஜனத்தொகை 1,80,366. 1901 கணக்கெடுப்பில் அது 1,59,046. வளர்ந்துகொண்டிருந்த ஒரு ஊர் பத்து வருஷத்தில் இருபதாயிரம் பேரைத் தொலைத்திருக்கிறது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்றால், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போனவர்கள் அதைவிட அதிகம்.

அந்த பிளேக்கைப் பற்றி, விக்டோரியா ஆஸ்பத்திரியைப் பற்றி, பிளேக் அம்மன் கோயில்களைப் பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதியாயிற்று. நான் எழுத நினைத்தது அந்த நோயைப் பரப்பிய ஒரு அடைப்பைப் பற்றி. கடுகளவு பூச்சி ஒன்றின் தொண்டைக்குள் உண்டான கொழகொழப்பான அடைப்பு. அதன் பெயரும் வேதியியலும் நமக்குத் தெரிய நூறு வருஷம் ஆனது. தெரிந்தபிறகு பார்த்தால், அதே கொழகொழப்பு இன்றைக்கு நம் வீட்டுப் பெரியவர்களின் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1896ல் பம்பாயில் தொடங்கிய நோய், ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தார்வாட், ஹூப்ளி வழியாகத் தெற்கே இறங்கியது. அன்றைய பெங்களூர் ஒரு ஊர் அல்ல, இரண்டு. பேட்டை மைசூர் மகாராஜாவுடையது. கண்டோன்மென்ட் வெள்ளைக்காரனுடையது, அதில் பாதிக்கு மேல் நம்மவர்கள் குரல்தான் கேட்கும். பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய, சமைக்க, துவைக்க, கல் உடைக்க என்று வேலூர், ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் தமிழ் கேட்பதற்குக் காரணம் அவர்கள்.

மைசூர் பக்கத்து நிர்வாகத்தைப் பார்த்தாலும் வெளியூர்க்காரர்கள்தான். திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுக்காரர், 1883லிருந்து அந்த நாற்காலியில். சேஷாத்ரிபுரம் அவர் பெயரில் இருப்பது. பிளேக் கமிஷனராக இருந்த வி.பி. மாதவராவ் கும்பகோணத்துக்காரர், பிற்பாடு அவரும் திவான் ஆனார். பிளேக் முகாமில் நோயாளிகளைத் தொட்டு வேலை பார்த்த டாக்டர்களில் ஒருவர் பத்மநாபன் பல்பு, திருவனந்தபுரத்துக்காரர்.

பல்பு பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1863ல் பிறந்த ஈழவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் எல்.எம்.எஸ். முடித்துவிட்டுச் சொந்த ஊரில் வேலை கேட்டார். ஈழவனுக்கு சர்க்கார் டாக்டர் வேலை கிடையாது என்றது திருவிதாங்கூர். மைசூர் கொடுத்தது. அம்மைப்பால் தயாரிக்கும் நிலையத்தில் இருந்தார், பெங்களூரிலேயே குடும்பம் வைத்தார். 1896ல் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஈழவர்களின் கையெழுத்தோடு ஊர் மகாராஜாவுக்கு மனு அனுப்பியவரும் இவர்தான். சொந்த ஊர் தொட அனுமதிக்காத கையால் இந்த ஊரின் பிளேக் நோயாளிகளைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவர் மகன் நடராஜன், பிற்காலத்து நடராஜ குரு, அப்போது மூன்று வயதுக் குழந்தை.

நாராயண குரு அனுப்பி, பல்புவின் ஆதரவில் பெங்களூரில் தங்கி, சாமராஜேந்திர சமஸ்கிருதக் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர் பிளேக் வந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுக் கிளம்ப நேர்ந்தது. சென்னை வழியாகக் கல்கத்தா போனார். மலையாளக் கவிதையின் போக்கையே மாற்றிய குமாரன் ஆசான் அவர். அந்த இருபதாயிரத்தில் அவரும் ஒரு தலை.

சரி, இவர்கள் எதோடு சண்டை போடுகிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியுமா? பாதி தெரியும். 1894ல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். 1897 ஜனவரி 10ஆம் தேதி பம்பாயில் வால்டெமர் ஹாஃப்கின் தான் செய்த தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்துவிட்டார். கிருமி எப்படி ஆளுக்கு ஆள் தாவுகிறது என்பதுதான் புரியவில்லை. மண்ணிலிருந்து வருகிறது, அழுக்கிலிருந்து வருகிறது, துணியில், தானியத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று ஆளுக்கொரு கட்சி. ஆகவே அன்றைய இந்தியா முழுக்க ஒரே வைத்தியம்தான். வீட்டுக்குள் புகுந்து சாமானை வெளியே எறி, ஓட்டைப் பிரித்து வெயிலை விடு, ரசாயனம் ஊற்றித் தரையைக் கழுவு, நோயாளியையும் உடனிருந்தவரையும் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போ. புனாவில் இந்தச் சோதனைகள் எல்லை மீறிப்போய், 1897 ஜூன் 22ஆம் தேதி பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு விழா அன்று. அதே நாளில், அதே விழாவுக்காக, பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்கள்! திறப்பு விழா 1900 டிசம்பரில்.

ஜனங்களுக்கு ஒரு விஷயம் அதிகாரிகளைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வீட்டில் எலி செத்து விழ ஆரம்பித்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயல்வெளிக்குப் போய்விட வேண்டும். எலி விழுந்த வீட்டில் அடுத்தது மனுஷன் விழுவான். கோவையில் இன்றைக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அந்தத் தலைமுறைக்காரர்கள் குடிசை போட்டு ஊருக்கு வெளியே மாதக்கணக்கில் கிடந்த கதை கொங்குப் பக்கத்துக் குடும்பங்களில் யாராவது ஒரு பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

எலிக்கும் மனுஷனுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை, பெங்களூருக்கு நோய் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே கராச்சியில் கிடைத்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், 1898 ஜூன் 2ஆம் தேதி, ஒரு கண்ணாடி ஜாடிக்குள் தெள்ளுப்பூச்சியோடு ஒரு நோயாளி எலியை விட்டார். பக்கத்தில் கம்பிவலைக்குள் ஒரு நல்ல எலி. இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. நல்ல எலிக்கும் பிளேக் வந்தது. எழுதி வெளியிட்டார், யாரும் நம்பவில்லை. 1905க்குப் பிறகு பம்பாய் பரேலில் பிளேக் ஆராய்ச்சிக் கமிஷன் கினிப்பன்றிகளை வைத்து இதையே விஸ்தாரமாகச் செய்து காட்டியது. பிளேக் வந்த வீட்டில், தெள்ளுப்பூச்சி தாவ முடியாத உயரத்தில் தொங்கவிட்ட கினிப்பன்றிகள் தப்பித்தன. தரையில் விட்டவை செத்தன.

எலிதான் எதிரி என்று முடிவான அந்த நேரத்தில் கண்டோன்மென்ட்டில் ஒரு புதுப் பேட்டை எழுந்தது. 1906ல் தொடங்கி 1910 வாக்கில் முடிந்தது. ரெசிடென்ட் ஸ்டூவர்ட் ஃப்ரேசரின் பெயரில் ஃப்ரேசர் டவுன். எலி புகாத, பிளேக் அண்டாத வீடுகள் என்று திட்டம் போட்டவர் ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் என்ற என்ஜினியர். இந்த அனுபவத்தை 1914ல் ஒரு புத்தகமாகவே போட்டார். புலிகேசி நகர் என்று பெயர் மாற்றியும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மசூதிப் பக்கம் ரம்ஜான் மாதத்தில் ஹலீம் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது எலிக்குப் பயந்து கட்டிய ஊர் என்று தெரியும்? :-)

ஸ்டீஃபன்ஸின் புத்தகம் வந்த அதே 1914ல் லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் இருவர் தெள்ளுப்பூச்சியின் வயிற்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்ஸ்டிட்யூட்டின் தலைவர் சார்ல்ஸ் மார்ட்டின். இன்னொருவர் ஆர்தர் பேக்கட். இந்த பேக்கட் முறையாகப் படித்த விஞ்ஞானி இல்லை. பல வருஷம் லண்டனில் குமாஸ்தா, ஓய்வு நேரத்தில் பூச்சி பிடிப்பவர். (1922ல் கெய்ரோவில் டைஃபஸ் ஆராய்ச்சியில் அதே நோய் தொற்றிச் செத்தார். பேன் மூலம் பரவும் நோய். பூச்சிகள் அவரை விடவில்லை.)

தெள்ளுப்பூச்சியின் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு வால்வு உண்டு. உள்பக்கம் முழுக்க முள் முள்ளாக, ரத்தத்தை உள்ளே விட்டு வெளியே வராமல் தடுக்கும் வாசல். பிளேக் எலியின் ரத்தத்தைக் குடித்த பூச்சிகள் சிலவற்றில், நாள் போகப்போக இந்த முட்களின் நடுவில் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வழியை அடைத்துக்கொள்வதைப் பார்த்தார்கள். அடைத்த பூச்சிக்கு என்ன ஆகும்? கடிக்கும், உறிஞ்சும், ரத்தம் தொண்டைவரை வரும், உள்ளே போகாது. பசி அடங்காமல் வெறிபிடித்து மறுபடி மறுபடி கடிக்கும். ஒவ்வொரு தடவையும் தேங்கிய ரத்தம் அடைப்பில் மோதி, கிருமிகளைக் கழுவிக்கொண்டு, கடித்த காயத்துக்குள்ளேயே திரும்பக் கக்கிவிடும். பூச்சி சில நாளில் பட்டினியால் செத்துப்போகும். அதற்குள் எத்தனை பேரைக் கடித்ததோ, அத்தனை பேருக்கும் ஊசி போட்டதுபோல கிருமி இறங்கியிருக்கும்.

எலி செத்ததும் உடம்பு சில்லிட்டுப் போகிறது, பூச்சிகள் இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடுகின்றன. ஆகவே எலி விழுந்தால் வீட்டைக் காலி செய் என்ற பாட்டிகளின் கணக்கு அட்சரசுத்தமாகச் சரி. ஓட்டைப் பிரித்து ரசாயனம் ஊற்றிய கணக்கில்தான் ஓட்டை.

அந்த அடைப்பு என்ன என்று சொல்ல பேக்கட்டிடம் வார்த்தை இல்லை. இன்று இருக்கிறது: பயோஃபிலிம். தமிழில் உயிரிப்படலம் என்கிறார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தடவினால் கையில் வழுக்குமே, அது. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் தட்டுப்படும் மெழுக்கு, அதுவும். கிருமி என்றால் தனித்தனியாகத் தண்ணீரில் நீந்தும் புள்ளிகள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். இயற்கையில் அப்படி இருப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு பரப்பு கிடைத்தால் போய் ஒட்டும், பெருகும், தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாகக் குடியேறும். ஈரப்பதமும் உணவும் போக வர நடுவில் வாய்க்கால்கள்கூட இருக்கும். இடம் பற்றாதபோது சிலது பிய்த்துக்கொண்டு அடுத்த இடம் தேடிப் போகும்.

இதை முதலில் பார்த்தவர் லேவன்ஹுக்தான். 1680களில் பல் அழுக்கைச் சுரண்டித் தன் கண்ணாடி வில்லைக்கு அடியில் வைத்துப் பார்த்தவர், வாயை வினிகரால் கொப்பளித்தாலும் அழுக்கின் வெளிப்பக்கம் இருக்கும் ஜீவன்கள்தான் சாகின்றன, உள்ளே இருப்பவை சாகவில்லை என்று குறித்துவைத்தார். மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆனால் ராபர்ட் கோக் காலத்திலிருந்து ஆய்வுக்கூடங்கள் ஒரே வகைக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தே பழகிவிட்டதால், இந்தக் கூட்டுக்குடித்தனம் யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. கனடாவில் வேலை பார்த்த பில் காஸ்டர்டன் 1978ல் கிருமிகள் எப்படி ஒட்டுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். மலை ஓடைப் பாறையில் பார்த்ததை மனித உடம்புக்குள்ளும் தேடினார். 1982ல் ஒரு நோயாளியின் பேஸ்மேக்கர் கம்பியில், மருந்துக்கு அடங்காத கிருமிகள் படலம் போட்டு உட்கார்ந்திருந்ததை அவர் குழு படமெடுத்துக் காட்டியது. பிறகுதான் டாக்டர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தெள்ளுப்பூச்சிக்குத் திரும்புவோம். 1996ல் ஜோசஃப் ஹின்னபுஷ், ராபர்ட் பெர்ரி, டாம் ஷ்வான் மூவரும் பிளேக் கிருமியில் ஹெச்.எம்.எஸ். என்ற ஒரு மரபணுத் தொகுதியைக் கெடுத்துப் பார்த்தார்கள். கிருமி பூச்சியின் வயிற்றில் சௌக்கியமாக வாழ்ந்தது, ஆனால் அடைப்பு வரவில்லை. 2002ல் இன்னொரு குழு, மண்ணில் வாழும் ஒரு நுண்புழுவின் வாயில் இதே கிருமி படலம் போட்டு அடைப்பதைக் காட்டியது. பூச்சியின் வால்வில் இருப்பது பயோஃபிலிம்தான் என்பது அடுத்த ஓரிரு வருஷத்தில் உறுதியானது. பசையின் முக்கியச் சரக்கு, அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரையைக் கோத்த நீண்ட சங்கிலி. (வால்வின் முட்கள் கைட்டினால் ஆனவை. அதே சர்க்கரை, கோத்த விதம் மட்டும் வேறு. முள்ளும் பசையும் பங்காளிகள்!) இன்னும் ஆச்சரியம், வயிற்றுப்போக்கு கொடுக்கும் ஒரு சுமாரான கிருமியிலிருந்து சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்புதான் பிளேக் கிருமி பிரிந்திருக்கிறது. பசை சுரப்புக்கு பிரேக் போடும் சில மரபணுக்கள் பழுதானதும், கூடுதலாக ஓரிரண்டு சேர்ந்ததும் அதைத் தெள்ளுப்பூச்சிவாசி ஆக்கிவிட்டன என்று 2014ல் ஹின்னபுஷ் குழு படிப்படியாகச் செய்தே காட்டியது. அடைப்பு விழுமுன்பே, தொற்றிய முதல் சில நாட்களிலேயே பூச்சி ஓரளவு நோய் பரப்பும் என்று பிற்பாடு வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் அடைத்த பூச்சியின் கடி விசேஷமானது.

இந்தப் பசைக்கு ஒரு பலவீனம், சூடு. சுமார் 30 டிகிரியை நெருங்கினால் பூச்சிக்குள் அடைப்பு உண்டாவது வெகுவாகக் குறைகிறது. வட இந்தியாவில் கோடை முற்றியதும் பிளேக் தானாக அடங்கியதற்கு இது ஒரு காரணம். பெங்களூரின் ஜிலுஜிலுப்பு வெள்ளைக்காரனுக்கு மட்டும் பிடித்துப்போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைப் பட்டணத்தில் பிளேக் ஒருபோதும் பெரிதாகப் பரவாதது அந்தக் காலத்தில் ஒரு புதிர். கொழும்பு மாநகரத்தில் வேலை பார்த்த ஃபேபியன் ஹர்ஸ்ட் என்ற டாக்டர் வேறொரு விடை சொன்னார். சென்னை, கொழும்பு எலிகளின் மேல் அதிகம் இருந்தது வேறு இனத் தெள்ளுப்பூச்சி, பம்பாய் எலிகளின் பூச்சியளவுக்கு அது நோயைப் பரப்பாது என்றார். பூச்சியின் இனமும் வெயிலும் சேர்ந்து நம்மூர்க் கடற்கரையைக் காப்பாற்றியிருக்கின்றன. கொழும்பு 1914ல் அகப்பட்டுக்கொண்டது, ஆனால் பம்பாய் அளவுக்கு இல்லை.

நம் உடம்பு 37 டிகிரி. அந்தச் சூட்டில் பிளேக் கிருமி இந்தப் பசையைச் சுரப்பதில்லை. எலிக்குள்ளும் மனுஷனுக்குள்ளும் அது வேறு வேஷம் போடுகிறது. நெறி கட்டி, ரத்தத்தில் கலந்து, தனித்தனியாகத் திரிகிறது. கோடிக்கும் மேல் இந்தியர்களைக் கொன்ற கிருமி, 1940களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் அடங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். நேரத்தில் கொடுத்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கே போதும். 1994ல் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் ரயிலேறிச் சொந்த ஊர்களுக்குத் திரும்பியதும், நாடு முழுக்க மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் காலியானதும் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின், 1948ல் லெடர்லி கம்பெனியிலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பல்புவைப் போலவே சென்னை மருத்துவக் கல்லூரி எல்.எம்.எஸ்., பல்புவைப் போலவே வெளியூர் போய்த்தான் ஆளானவர்.

ஆக, பூச்சிக்குள் கோட்டை கட்டும் கிருமி நமக்குள் கட்டாது. கதை இத்தோடு முடிந்தால் சந்தோஷம். அதே கோட்டையை நமக்குள் கட்டுகிற வேறொரு கிருமி இருக்கிறது. அது கொள்ளை நோய்க் கிருமி இல்லை, நம் எல்லோருடைய தோலிலும் எந்நேரமும் பரமசாதுவாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். அது சுரக்கும் பசை எது தெரியுமா? அசிட்டைல் குளுக்கோசமைன் சங்கிலி. பிளேக் கிருமியின் அதே பசை. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தால் உறவும் தெரிகிறது.

சினேகிதர் ஒருவரின் அம்மா, திருநெல்வேலிப் பக்கம். மகனோடு இருக்க பெங்களூர் வந்தவர், இங்கே மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டார். நன்றாக நடந்தார். சில மாதம் கழித்து முட்டியில் வீக்கம், லேசான ஜுரம். மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் பத்து நாளில் திரும்பும். நீரை எடுத்துக் கல்ச்சர் செய்த ரிப்போர்ட்டில் நாலைந்து மருந்துக்கு நேராக 'சென்சிடிவ்' என்று இருந்தது. கடைசியில் டாக்டர்கள் வைத்த மூட்டையே வெளியே எடுத்தார்கள். மருந்து கலந்த சிமென்ட்டை அந்த இடத்தில் வைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, பிறகு வேறு மூட்டு வைத்தார்கள். பார்க்கப் போயிருந்தபோது அந்த அம்மா என்னைக் கேட்டார், "ஏன் தம்பி, மருந்து கேக்குதுன்னுதான் பேப்பர்ல போட்டிருக்கான். அப்புறம் ஏன் கேக்கல?"

மிகச் சரியான கேள்வி. ஆய்வுக்கூடம் சோதித்தது, தனித்தனியாகப் பிரிந்து சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகளை. அவற்றை அந்த மருந்து கொல்லத்தான் செய்யும். உலோக மூட்டின் மேல் ஒட்டியிருப்பது அதே கிருமிதான், ஆனால் வேறு வாழ்க்கை. பசை சில மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கிறது. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வந்தாலும் அந்தக் கட்டியை விழுங்க முடிவதில்லை. அதைவிட முக்கியம், படலத்தின் அடியில் இருப்பவற்றுக்குப் பிராணவாயுவும் சாப்பாடும் குறைவு. அதனால் அவை பெருகாமல் முடங்கிக் கிடக்கின்றன. பெனிசிலின் போன்ற மருந்துகள் கிருமி சுவர் கட்டும்போதுதான் அடிக்கும். சுவரே கட்டாமல் தூங்குகிறவனை என்ன செய்யும்? 1944லேயே ஜோசஃப் பிக்கர் என்பவர், பெனிசிலின் ஊற்றிய குடுவையில் எதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லாமலேயே ஒரு சில கிருமிகள் பிழைத்துக் கிடப்பதைப் பார்த்து அவற்றுக்கு விடாக்கண்டர்கள் என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார். மருந்தை நிறுத்தியதும் அவை கண் விழிக்கும், மறுபடி ஊர் கட்டும். படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, நீந்தும் கிருமிக்கு வேண்டியதைப்போல் பத்து முதல் ஆயிரம் மடங்கு வரை மருந்து வேண்டியிருக்கும் என்கிறார்கள். அவ்வளவு கொடுத்தால் கிருமிக்கு முன் நோயாளி போய்விடுவார்.

வைத்ததை எடுத்தால்தான் தீரும் என்று டாக்டர் சொல்வது அதனால்தான். சிறுநீர்க் குழாய், டயாலிசிஸ் குழாய், இதய வால்வு, மூட்டு, எது என்றாலும் இதே கணக்கு. நாள்பட்ட சிறுநீர்க் குழாயை மாற்றாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், அடுத்த தடவை நிஜமாகவே எதிர்ப்புச் சக்தி வந்த கிருமி நிற்கும். ஏனென்றால் நெருக்கியடித்து வாழும் இடத்தில் மரபணுக் கைமாற்றும் சுலபம். இதற்கும் தெள்ளுப்பூச்சிதான் சாட்சி. 1995ல் மடகாஸ்கரில் ஒரு பையனிடமிருந்து எடுத்த பிளேக் கிருமி, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் உள்பட வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காததாக இருந்தது. அதன் எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு பிளாஸ்மிட் வளையத்தில் இருந்தன, வேறு கிருமியிடமிருந்து வாங்கிய சரக்கு. எங்கே வாங்கியிருக்கும்? 2002ல் ஹின்னபுஷ் குழு, தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் பிளேக் கிருமியையும் ஈ.கோலையையும் ஒன்றாக விட்டுப் பார்த்தது. கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்த அந்தக் கூட்டத்தில் மருந்து எதிர்ப்பு மரபணு சர்வசாதாரணமாகக் கை மாறியது. நல்லவேளை, மடகாஸ்கர் மாதிரிக் கிருமிகள் அதன்பிறகு அபூர்வமாகவே கிடைத்திருக்கின்றன.

நம் பக்கத்தில் கிருமி முழுக்கத் தொலைந்துவிட்டதா என்றால், 1994க்கு முன் இந்தியாவில் உறுதியான கடைசி மனித பிளேக் 1966ல் கர்நாடகத்தில், தங்கவயல் இருக்கும் அதே கோலார் மாவட்டத்தில். அதன்பிறகு 2002ல் இமாச்சலத்திலும் 2004ல் உத்தரகாண்டிலும் மலைக் கிராமங்களில் எட்டிப்பார்த்தது. கோலார், கிருஷ்ணகிரி, சித்தூர் சேரும் முச்சந்தி பழைய பிளேக் பூமி. பெங்களூரிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது ஓசூர் தாண்டி இருட்டில் கடந்துபோகும் அந்தக் காடுமேடுகளில், மத்திய சுகாதாரத் துறையின் பிளேக் கண்காணிப்புக் குழுக்கள் பல பத்தாண்டுகளாகப் பொறி வைத்து வெள்ளெலிகளைப் பிடித்து வந்திருக்கின்றன. ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு ரோமத்தைச் சீப்பால் சீவி, தட்டில் விழும் தெள்ளுப்பூச்சிகளை இனம் பிரித்து, எலிக்கு எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்வார்கள்.